பழுவூர் ராணியும் செம்பியன் மாதேவியாரும்

ஜெயங்கொண்டத்துக்குத் தென்மேற்கே மேலப்பழுவூர், கீழப்பழுவூர் என்னும் ஊர்கள் உள்ளன. பழுவூர் என்றதும் நாம் நினைப்பது இளைய ராணி நந்தினியைத்தான். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்', குடும்ப இரகசியங்களாலும் கைகூடாக் காதலாலும் நம் இல்லத்தாரையும் வாரந்தோறும் காத்திருக்கச் செய்த தொடர்கதை.

பழுவேட்டரையர்களைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். நந்தினியோ ஆசிரியரின் கற்பனை. ஆதித்த கரிகாலனின் முடிவைக் கதை அவள் காதலோடு பிணைக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது. அவர்தம் சுற்றத்தாரின் நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. காதலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தொடர்கதைக்கு அது வேண்டும், கல்லுக்கு வேண்டியதில்லை!

இதனை நாம் பொறுத்துக்கொள்ளலாம். செம்பியன் மாதேவியார் வளர்த்த மதுராந்தகர் அவர் பெற்ற பிள்ளையல்லர் என்று கதை சொல்லும் இரகசியம்தான் நம்மை உறுத்துகிறது. கைம்மை பூண்டு, செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கிய பெருமாட்டி அவர். கணவர் கண்டராதித்தரின் பெயரால் கோனேரிராசபுரத்தில் அவர் எடுப்பித்த கற்றளியின் கல்வெட்டு, தம் திருமகனார் மதுராந்தகரான உத்தம சோழர் அரசாளும் காலத்தில் அது எழுந்ததென்று தெளிவாகவே கூறுகிறது.