மனப்பாடமும் மனவரைபடமும்: ஜவ்வாது மலை நடுநிலை வகுப்புகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கல்விச் சீர்திருத்தம் குறித்த தமிழ் எழுத்துகளில் 'மனப்பாடம்' என்பது ஏறக்குறையப் பழிச்சொல்லாகிவிட்டது. அறிதல் அறிவியலோ நினைவையே கற்றலின் மையத்தில் வைக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் இவ்விரு போக்குகளும் சந்தித்த இடம் மனவரைபடம். அச்சந்திப்பின் வரலாற்றையும், ஜவ்வாது மலை போன்ற பகுதிகளுக்கு அது உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சீர்திருத்தத்தின் பாதை

1990களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட சிறாரின் கல்விக்கு மாற்று வழி தேடினார். ஜவ்வாது மலையின் ஒரு பகுதி அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 2019 முதல் அதில் ஒரு பகுதி திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர் அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான அட்டைவழிக் கற்பித்தலைத் தழுவி, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியே 2007-08இல் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. ஏறத்தாழ அதே காலத்தில் நடுநிலை வகுப்புகளுக்குப் 'படைப்பாற்றல் கல்வி' வந்தது. மாணவர் பாடத்தை வாசித்து, புதிய சொற்களுக்குப் பொருள் கண்டு, மனவரைபடம் வரைந்து, குழுவில் தொகுத்துரைப்பது அதன் நடைமுறை.

நினைவு பற்றிய ஆய்வுகள்

கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை 1885இல் எபிங்காஸ் அளந்து காட்டினார். மனம் ஒரே நேரத்தில் தாங்கும் கூறுகள் மிகச் சிலவே என்பதை 1956இல் ஜார்ஜ் மில்லர் எடுத்துரைத்தார். இவ்வரம்பைக் கற்பித்தலோடு இணைத்து 1988இல் ஜான் ஸ்வெல்லர் அறிதல்சுமைக் கோட்பாட்டை முன்வைத்தார். மீண்டும் படிப்பதைவிட நினைவிலிருந்து மீட்டெடுப்பதே நெடுநாள் நிலைக்கும் என்பதை 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் நிறுவினர்.

நம் பொருளுக்கு நேரடித் தொடர்புடையது கார்பிக்கியும் பிளன்ட்டும் 2011இல் வெளியிட்ட ஆய்வாகும். பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் வரைந்த கல்லூரி மாணவரைவிட, பாடத்தை மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதியோர் ஒரு வாரத்திற்குப் பின் மிகுதியாக அறிந்திருந்தனர். கருத்து வரைபடமும் மனவரைபடமும் ஒன்றல்ல. எனினும் நெருங்கிய உறவுடையவை. அதே ஆய்வாளர்கள் 2014இல், பாராமல் வரையும் வரைபடமும் நினைவுமீட்புப் பயிற்சியாகப் பயன்படுவதைக் காட்டினர். எனவே குறை வரைபடத்தில் இல்லை. நூல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதே வினா.

மலைப்பள்ளிகளின் நிலை

ஜவ்வாது மலையில் பெரும்பான்மையினர் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர். இவர்களின் பெயருக்கும் கேரள மொழிக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்றே அதற்குப் பொருள் கூறுவர். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயில்வோருள் பலர் முதல் தலைமுறைக் கற்போர். வீட்டுப் பேச்சுக்கும் பாடநூலின் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி இவர்களுக்கு அகன்றது. 'ஒளிச்சேர்க்கை' என்னும் சொல்லைப் பிரித்தறியவே மனத்தின் சிறு கொள்ளளவு செலவானால், அது குறிக்கும் நிகழ்வை உணர்வதற்கு இடம் எஞ்சாது. சாமைப் பயிரின் வளர்ச்சியை நேரில் அறிந்த குழந்தைக்கு அதிலிருந்து தொடங்குவது சுமையைக் குறைக்கும். பாடத்தைத் திரும்பச் சொல்லக் கேட்கும் படித்த பெற்றோர் வீட்டில் இல்லாத நிலையில், நினைவுமீட்புக்கு வகுப்பறையே வாய்ப்பளிக்க வேண்டும். நூலைப் பார்த்து வரைந்த அழகிய வரைபடம் ஆய்வுக்கு வரும் அலுவலரை நிறைவுறச் செய்யலாம், இழப்பு அக்குழந்தைக்கே.

திண்ணை மரபு

மூடிய சுவடியின் பயனைத் தமிழகம் முன்பே அறிந்திருந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைப் பாராமல் முறை சொல்வதும், சட்டாம்பிள்ளை பிழை திருத்துவதும் அன்றாட வழக்கம். அப்பள்ளிகளின் சாதி வரம்பும் கடுந்தண்டனையும் போற்றத்தக்கன அல்ல. எனினும் அவற்றை விலக்கியபோது நினைவுகூரும் பயிற்சியும் சேர்ந்தே விலக்கப்பட்டது.

முடிவுரை

பொருளுணராது ஒப்பித்தல் வேறு. உணர்ந்ததை நினைவிலிருந்து மீட்டல் வேறு. சீர்திருத்தங்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையால், புதிய வடிவம் பள்ளிக்கு வந்தது. அதன் இயக்கம் வரவில்லை. நடுநிலை வகுப்பின் மனவரைபடத்தை, நூலை மூடி வரைந்து பின்னர் திறந்து திருத்தும் செயலாக மாற்றுவதற்குப் புதிய செலவு எதுவும் தேவையில்லை. அம்மாற்றம் முதலில் சென்று சேர வேண்டிய இடங்கள் மலைப்பள்ளிகளே.