ஒரு முன்னொட்டின் அரசியல்

மொழிக் கலப்பு பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நடந்த சண்டைகளுக்குக் குறைவில்லை. மணிப்பிரவாளம், தனித்தமிழ், வட்டார வழக்கு என்று எதையெடுத்தாலும் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான்: வெளியிலிருந்து வரும் சொல்லை யார், எந்த நிபந்தனையில் உள்ளே விடுவது? இதே கேள்வியை வைத்துக்கொண்டு கணிப்பொறி நிரலாளர்கள் முப்பது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 'அது இஞ்சினீயருங்க விவகாரம், நமக்கெதுக்கு' என்று தள்ளிவிட முடியாது. நாம் எழுதுகிற தமிழே இன்று கணிப்பொறித் தரங்களுக்குள்தான் குடியிருக்கிறது.

ஈமேக்ஸ் என்பது எழுதவும் திருத்தவும் பயன்படும் மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட க்னூ ஈமேக்ஸின் விசேஷம், பயன்படுத்துகிறவரே அதை மாற்றியமைத்துக்கொள்ளலாம் என்பது. அதற்கென்றே உள்ளுக்குள் ஒரு மொழி இருக்கிறது: ஈமேக்ஸ் லிஸ்ப். எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கணும் என்பதைக்கூட நீங்களே அதில் எழுதிவிடலாம். லிஸ்ப்போ ஒற்றை மொழியாக இருந்ததில்லை. ஜான் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிவைத்த அது, கூடத்துக்கொரு வழக்காகப் பிரிந்தது. எம்.ஐ.டி.யில் வளர்ந்தது மேக்லிஸ்ப். ஈமேக்ஸ் லிஸ்ப் அதன் வழிவந்த சின்ன வழக்கு.

இத்தனை வழக்குகள் இருப்பது, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்த அமெரிக்க ராணுவ ஆய்வு முகமைக்குத் தொந்தரவாக இருந்தது. 1981இல் அது கூட்டிய கூட்டத்துக்குப் பிறகு, மேக்லிஸ்ப் வாரிசுகளை ஒன்றாக்கும் வேலை சூடுபிடித்தது. கை ஸ்டீல் 1984இல் வெளியிட்ட நூல் அதற்கு இலக்கணமாயிற்று. 1994இல் அமெரிக்கத் தர நிறுவனத்தின் முத்திரையும் விழுந்தது. பெயர் காமன் லிஸ்ப், அதாவது பொது லிஸ்ப். 'பொது' என்ற சொல்லைக் கேட்டதும் 'யாருடைய பொது?' என்று கேட்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. இங்கும் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதில் வசதிகள் ஏராளம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஈமேக்ஸ்காரர்கள் அவற்றுக்கு ஆசைப்பட்டதில் தப்பில்லை.

அந்த வசதிகளை ஈமேக்ஸுக்குள் கொண்டுவர 1980களின் பிற்பாதியில் செசார் கிரோஸ் ஒரு தொகுப்பு எழுதினார். 1993இல் டேவ் கில்லெஸ்பி அதை அடியோடு மாற்றி எழுதினார். தொகுப்பின் பெயர் 'சிஎல்'. ஒருமுறை கூப்பிட்டால் போதும், பொது லிஸ்பின் சொற்கள் வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. ஈமேக்ஸ் லிஸ்பில் எல்லாப் பெயர்களுக்கும் ஒரே மந்தைதான். தெருவாரியாகப் பிரித்துவைக்க வழி கிடையாது. நீங்கள் ஒரு பெயரில் ஏதோ எழுதிவைத்திருக்கிறீர்கள். என் நிரல் சிஎல்லைக் கூப்பிடுகிறது. அதே பெயரில் வந்த இன்னொன்று உங்களுடையதை மேவிவிடுகிறது. நீங்கள் அதைக் கேட்கவுமில்லை, அது வந்ததும் உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஈமேக்ஸோடு சேர்ந்துவரும் நிரல்கள், ஓடும் நேரத்தில் சிஎல்லைக் கூப்பிடக் கூடாது என்று விதி வைத்தார்கள். மேக்ரோக்களுக்கு மட்டும் விலக்கு. ஏனென்றால் மேக்ரோ, நிரலைத் தொகுக்கும்போதே விரிந்து ஈமேக்ஸ் லிஸ்பாகக் கரைந்துவிடும். பிறகு அங்கே அந்நியச் சொல்லின் தடயம் இருக்காது.

இது நமக்குப் புதுசா என்ன? வடசொல் தமிழுக்குள் வரலாம், வட எழுத்தை உதறிவிட்டு வரவேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் வைத்த நிபந்தனை. பன்னிரு நிலத்துத் திசைச்சொற்களுக்கும் அது இடம் தந்தது. வரவைத் தடுக்காமல், கரைந்து வா என்று சொல்கிற இலக்கணம் அது. ஈமேக்ஸின் மேக்ரோ விலக்கும் இதே தர்க்கம்தான்.

கரைய மறுத்தவற்றை என்ன செய்வது? 2013இல் ஈமேக்ஸ் 24.3 பதிப்பு இன்னொரு வழியை எடுத்தது. ஸ்டெஃபான் மோன்னியே பராமரிப்பாளராக இருந்த காலம் அது. பொது லிஸ்பிலிருந்து வந்த பெயர் ஒவ்வொன்றின் தலையிலும் 'சிஎல்-' என்ற முன்னொட்டு ஏறியது. இனி எங்கு வேண்டுமானாலும் கூப்பிடலாம், யார் பெயரோடும் மோதாது. பழைய பெயர்கள் மாற்றுப்பெயர்களாக மட்டும் தொடர்ந்தன. 2020இல் வந்த 27.1 பதிப்பு பழைய தொகுப்பைக் கைவிடத்தக்கது என்று அறிவித்தது.

ஆனால் எல்லாச் சொல்லுக்கும் முன்னொட்டு ஏறவில்லை. 'செட்எஃப்' போன்ற சில, அடையாளமே இல்லாமல் மைய மொழியின் சொத்தாகிவிட்டன. போர்ச்சுக்கீசியரோடு வந்த சொற்களை யோசித்துப் பாருங்கள். சாவியும் மேசையும் நம்மவர்களாகிவிட்டன. ஜன்னல் மட்டும் 'ஜ'வைச் சுமந்து நிற்கிறது, சிலர் அதையும் 'சன்னல்' ஆக்கப் பார்க்கிறார்கள். ஒரே கப்பலில் வந்தவற்றுக்கு இரண்டு தலைவிதி!

நான் இருக்கும் வாலிகண்டபுரத்தில், வாலீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று கிரந்தத்தில் தொடங்கி, நிலமும் வரியும் பேசும்போது தமிழுக்கு வந்துவிடுவது சோழர் கல்வெட்டுகளின் பொது நடை. மங்கலம் ஒரு எழுத்தில், வரி இன்னொன்றில். அதிகாரத்தின் வேலைப்பிரிவினை எழுத்திலேயே தெரிகிறது. ஆக, அடையாளக் குறி எப்போதும் தாழ்வின் குறியாக இருப்பதில்லை, உயர்வின் குறியாகவும் இருக்கும். கிரந்தத்தைக் கண்டால் தமிழ்நாட்டில் இன்றும் சூடு கிளம்புவது இதனால்தான். கிரந்த எழுத்துகள் 26ஐக் கணிப்பொறித் தமிழ் எழுத்துகளின் பகுதியிலேயே சேர்க்கும் முன்மொழிவு 2010இல் வந்தபோது இங்கே எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசும் மத்திய அரசுக்கு எழுதியது. கடைசியில் 2014இல், யூனிகோட் 7.0 பதிப்பில் கிரந்தத்துக்குத் தனிப்பகுதி கிடைத்தது. முன்னொட்டுத் தீர்வும் இதுவும் ஒரே மாதிரிதான்: வா, ஆனால் உன் பெயரில் வா, என் பெயரை மேவாதே.

இதைத் தூய்மைவாதம் என்று நான் சொல்லமாட்டேன். தூய்மைவாதம் கடனையே மறுப்பது. முன்னொட்டு கடனை ஒப்புக்கொண்டு, யாரிடம் வாங்கினோம் என்பதையும் எழுதிவைக்கிறது. என் விமர்சனம் வேறு. முன்னொட்டை யாருக்கு ஏற்றுவது, யாருக்கு இறக்குவது என்பதை ஒரு சிலரே முடிவு செய்கிறார்கள். ஈமேக்ஸில் பராமரிப்பாளர்கள், யூனிகோடில் குழு, கல்வெட்டில் அரசன். ஆனால் ஈமேக்ஸில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. விதி கட்டுப்படுத்தியது ஈமேக்ஸோடு சேர்த்து வழங்கும் நிரல்களைத்தான். உங்கள் சொந்த அமைப்புக் கோப்பில் எதை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ள யாரும் தடையில்லை. மூல நிரலும் உங்கள் கையில். ஈமேக்ஸில் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் நிரலை ஈமேக்ஸ் லிஸ்பில் எழுதியவர் கவாபாதா தாய்ச்சி என்ற ஜப்பானியர். கதவு திறந்திருந்தது, அவர் உள்ளே வந்து எழுதினார்.

அந்தக் கதவு நமக்கும்தான் திறந்திருந்தது. தமிழின் தலைவிதியைத் தீர்மானிக்கும் தரங்களைப் பற்றி, தீர்மானம் ஆன பிறகு கண்டன அறிக்கை விடுவதோடு நாம் நிறுத்திக்கொள்வதா, அல்லது நிரல் எழுதுகிறவர்களோடு முன்கூட்டியே போய் உட்காரப்போகிறோமா? இயக்கங்களில் இருக்கும் நண்பர்கள் இதை விவாதிக்க வேண்டும்.