உண்ணிக் காய்ச்சலுக்கு அடையாளம் பிறந்த கதை

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிக் கூடங்களின் வாசலில் படுத்திருக்கும் நாய்களின் காது மடலைத் திருப்பிப் பார்த்தால், உண்ணி இல்லாத நாயைக் காண்பது அரிது. நேற்றுவரை ஓடியாடிய நாய் திடீரென்று சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போகும். உடம்பு கொதிக்கும். அடுத்த சில நாளில் ஈறு வெளுத்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் போகும். சிறுநீர் கறுத்து வரும். "உண்ணி ரத்தத்தையெல்லாம் குடிச்சிடுச்சு" என்பார்கள். நிறைய உண்ணி ஒட்டினால் ரத்தம் குறையும்தான். ஆனால் பெரும்பாலும் நாயைச் சாய்ப்பது உண்ணி குடித்த ரத்தமல்ல, கடிக்கும்போது அது உள்ளே விட்ட கிருமி. அந்தக் கிருமி சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைக்கிறது.

இப்படி நம் நாட்டு நாய்களை வாட்டும் கிருமிகளில் முக்கியமான ஒன்றை உலகம் முதன்முதலில் அறிந்தது, இங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, மெட்ராஸில். ஆண்டு 1910.

அதற்கு முன்பே பாதை போடப்பட்டிருந்தது. ருமேனியாவின் விக்டர் பாபெஷ் 1888இல் மாடுகளின் சிவப்பணுக்களுக்குள் ஓர் உயிரைக் கண்டார். பபீசியா என்ற பெயர் அவரை வைத்து வந்தது. மாடுகளின் டெக்சாஸ் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிறுவினார்கள். இத்தாலியில் பியானா, கல்லி-வலேரியோ இருவரும் 1895இல் நாயின் ரத்தத்தில் இதே குடும்பத்துக் கிருமியைப் பார்த்தார்கள். நாய்க்கும் உண்ணி வழியாகவே அது வருகிறது என்று தென்னாப்பிரிக்காவில் லவுன்ஸ்பரி 1901இல் காட்டினார். இவர்கள் கண்ட நாய்க்கிருமி உருவத்தில் பெரியது. பேரிக்காய் வடிவில், ஒரு சிவப்பணுவுக்குள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து நிற்கும். நாயின் உண்ணிக் காய்ச்சல் என்றால் இந்த உருவம்தான் என்று அன்றைய மருத்துவ உலகம் நினைத்திருந்தது.

மெட்ராஸ் அந்த நாளில் நுண்ணோக்கிகளின் ஊராக மாறிக்கொண்டிருந்தது. அம்மைப்பால் தயாரிப்பதற்காக 1899இல் கிண்டியில் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட், கிருமி ஆராய்ச்சிக்கும் இடம் தந்தது. 1903இல் மெட்ராஸ் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன், நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில் காலா அசார் காய்ச்சலின் கிருமியைக் கண்டார். அதே ஆண்டு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. கருவி மட்டும் போதாது, சாயமும் வேண்டும். நிறமேற்றாத ரத்தத்தில் இந்த நுண்ணுயிரைப் பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம். லீஷ்மன் சாயம் 1901இலும், ஜீம்சா சாயம் அதையொட்டிய ஆண்டுகளிலும் வந்தன. கிருமியின் கரு சிவப்பும் உடல் நீலமுமாகத் தெரியத் தொடங்கிய பிறகுதான், ஒரு கிருமியை இன்னொன்றிலிருந்து உறுதியாகப் பிரிக்க முடிந்தது.

நாய்களின் ரத்தத்தை இந்தியாவில் கூர்ந்து படித்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். எஸ்.பி. ஜேம்ஸ் 1905இல் நாயின் வெள்ளையணுக்களுக்குள் ஒரு கிருமி இருப்பதை விவரித்தார். இன்று அதற்கு ஹெப்பட்டோசூன் கேனிஸ் என்று பெயர். ரிக்கர்ட் கிறிஸ்டோபர்ஸ் 1907இல், அந்தக் கிருமியும் பேரிக்காய் வடிவக் கிருமியும் உண்ணியின் உடலுக்குள் எப்படி வளர்கின்றன என்று தனித்தனி அறிக்கை வெளியிட்டார். நாயையும் உண்ணியையும் சேர்த்துப் படித்தால்தான் நோய் புரியும் என்ற பாடம் இங்கே வேர் பிடித்துவிட்டது.

அந்த மண்ணில்தான் வால்டர் ஸ்காட் பேட்டன் வேலை செய்தார். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர், பூச்சிகள் பரப்பும் நோய்களில் தேர்ந்தவர். அவர் கையில் வந்தது மெட்ராஸ் ஹண்ட் என்ற வேட்டைச் சங்கத்து நாய்களின் ரத்தம். வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டில் ஆடிய நரி வேட்டையை இங்கும் நடத்தினார்கள். அதற்கென்றே நாய்க்கூட்டம் வளர்த்தார்கள். அந்த நாய்களின் சிவப்பணுக்களில் பேட்டன் பார்த்த உருவம், புத்தகங்களில் இருந்த உருவம் அல்ல. பேரிக்காய் வடிவம் இல்லை. மிகச் சிறியது. பெரும்பாலும் கல் பதித்த மோதிரம் போன்ற வளையம், சில இடங்களில் முட்டை வடிவம். தெரிந்த கிருமியின் சிறுத்த தோற்றம் என்று சொல்லி அவர் அதை ஒதுக்கிவிடவில்லை, தனி இனம் என்று தீர்மானித்தார். பிறகு வேட்டைக்கு இலக்கான நரியின் ரத்தத்தையும் சோதித்தார். அங்கேயும் அதே வளையம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த நோயல்ல, இந்த மண்ணின் காட்டு விலங்குகளிடம் முன்பே குடியிருந்தது என்று எண்ண நரியின் ரத்தம் இடம் தந்தது.

1910இல் பிரெஞ்சு வெப்பமண்டல நோயியல் சங்கத்தின் இதழில் பேட்டனின் அறிக்கை வந்தது. அவர் இட்ட பெயர் பைரோபிளாஸ்மா கிப்சோனி. இன்றைய பெயர் பபீசியா கிப்சோனி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்று நாய் மருத்துவர்கள் சொல்லும் இந்தப் பெயரின் முதல் பதிவு மெட்ராஸ் நாய்களுடையது.

பெயர் வைப்பதோடு வேலை முடியவில்லை. கேம்பிரிட்ஜில் நட்டாலும் ஹாட்வெனும் 1909இல் டிரிப்பன் புளூ என்ற சாயத்தை ஊசியாகப் போட்டு நாய்களின் உண்ணிக் காய்ச்சலைக் குணப்படுத்திக் காட்டியிருந்தார்கள். அது பெரிய கிருமிக்குப் பலித்த மருந்து. சிறிய கிருமி அதற்கு அடங்கவில்லை. சைமன்ஸும் பேட்டனும் 1912இல் வெளியிட்ட அறிக்கை, அப்போது புதிதாக வந்திருந்த சால்வர்சான் மருந்தை இந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்ததைச் சொல்கிறது. 1937இல் சி.எஸ். ஸ்வாமிநாத், எச்.இ. ஷார்ட் இருவரும் இந்தக் கிருமியைச் சுமக்கும் உண்ணி இனம் ஒன்றை அடையாளம் காட்டினார்கள். ஸ்வாமிநாத்தின் பெயரைக் காலா அசாரின் வரலாறும் அறியும். மணல் ஈ கடித்து மனிதருக்கு அந்த நோய் பரவுவதை 1942இல் மெய்ப்பித்த குழுவில் முதல் பெயர் அவருடையது.

இந்த வரலாற்றை நாய் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. பேட்டன் பிரித்துக் காட்டிய அந்த வேறுபாடுதான் இன்றும் மருந்தைத் தீர்மானிக்கிறது. பெரிய பபீசியாவுக்கு இமிடோகார்ப் நன்றாக வேலை செய்யும். கிப்சோனிக்கு அது பெரும்பாலும் போதாது. அட்டோவகோன், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்தோ, கிளிண்டாமைசின், மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் மூன்றையும் சேர்த்தோ பல நாள் கொடுக்கிறார்கள். அப்படியும் கிருமி உடம்பில் பதுங்கியிருந்து, நாய் பலவீனப்படும்போது மீண்டும் தலைதூக்கலாம். வெள்ளையணுக்களில் எர்லிக்கியா என்ற இன்னொரு உண்ணிக் கிருமி இருந்தால் மருந்து வேறு, ஹெப்பட்டோசூன் இருந்தால் வேறு. ஹெப்பட்டோசூன் பரவும் வழியும் வேறு. உண்ணி கடித்து அது வருவதில்லை. உடம்பை நக்கும்போதும் கடித்துக்கொள்ளும்போதும் நாய் உண்ணியை விழுங்கினால் வருகிறது. இத்தனைக்கும் வெளியே தெரிவது ஒன்றுதான்: காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு.

ஆகவே ரத்தத்தைப் பார்த்தாக வேண்டும். முறை மிக எளியது. காது நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுப்பார்கள். கிருமி புகுந்த அணுக்கள் சின்ன ரத்தக் குழாய்களில் தேங்குவதால் அந்த இடம். சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டைச் சாய்த்துப் பிடித்து மெல்லிய பூச்சாக இழுப்பார்கள். உலர்த்தி, சாயமிட்டு, எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். சிறிய வளையமா, பெரிய பேரிக்காயா, வெள்ளையணுக்குள் ஏதாவது கிடக்கிறதா என்று பயின்ற கண் சொல்லிவிடும். ஸ்மியர் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கிருமி குறைவாக இருக்கும் பழைய நோயில் ஸ்மியர் தவறவிடும். ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகாது. அப்போது மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை தேவை.

ஊர்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. காய்ச்சலுக்கு ஓர் ஊசி, சத்துக்கு ஒரு டானிக். சில சமயம் ஸ்டீராய்டும் சேரும். அது இரண்டு நாள் தெம்பு தந்து, நோய் எதிர்ப்பைக் குறைத்து, பதுங்கிய கிருமிக்கே வழிவிடலாம். பார்க்காமல் போடும் மருந்து நாய்க்குச் செய்யும் அநியாயம். கூட்டம் அலைமோதும் மருந்தகத்தில் ஒரே மருத்துவர் ஆட்டையும் மாட்டையும் நாயையும் பார்க்க வேண்டியிருப்பது எனக்குத் தெரியும். அந்த மருத்துவருக்கு ஒரு நல்ல நுண்ணோக்கியும், தீராத சாயமும், ஸ்மியர் பார்க்கப் பயிற்சி பெற்ற ஓர் உதவியாளரும் கொடுப்பது அரசால் ஆகாத காரியமல்ல.

நம் பங்கும் உண்டு. நாய் சோறு எடுக்காமல் படுத்தால் ஈறைத் தூக்கிப் பாருங்கள். உண்ணி இருந்ததையும், சிறுநீரின் நிறத்தையும், சமீபத்தில் வேறு நாயோடு கடித்துக்கொண்டு சண்டை போட்டதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிப்சோனி கடிக்காயம் வழியாகவும் பரவும். ஊசி போடுவதற்கு முன்னால், "ஒரு ஸ்மியர் பாத்துடலாமா, டாக்டர்?" என்று கேளுங்கள். உண்ணியை நாயின் உடம்பிலிருந்து நீக்கினால் போதாது. அது முட்டையிடும் சுவர் இடுக்கையும் சாக்குக் குவியலையும் சுத்தம் செய்யுங்கள்.

மெட்ராஸ் ஹண்ட் நாய்களுக்குச் சோதனை கிடைத்தது, அவற்றின் எஜமானர்கள் செல்வாக்குள்ளவர்கள் என்பதால். அன்று கிடைத்த அறிவுக்கு இன்று எஜமானர் யாருமில்லை. தறிக்கூடத்து வாசலில் கிடக்கும் நாய்க்கும் அதில் முழு உரிமை உண்டு. அந்த உரிமையை அதற்காகக் கேட்டு வாங்க வேண்டியவர்கள், தினமும் அதற்குச் சோறு போடும் நாம்தான்.