குளிரில் உறங்கும் சுரப்பு



அடி அண்ணாமலையில், மார்கழி விடியலில், தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள்ளேயே உறைந்து நிற்கும். வெயில் ஏறியதும் தானே இளகிவிடும். எளிய காட்சிதான். ஆயினும் உடலியல் வரலாற்றின் ஓர் அரிய கேள்விக்கு இதுவே வாயில் எனலாம்.

1902-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு அறிஞர்கள், ஒரு நாயின் சிறுகுடற் பகுதியை நரம்புத் தொடர்பினின்றும் பிரித்து, அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். உடனே கணையம் நீரைச் சுரந்தது. நரம்பின்றிச் செய்தி சென்றது எங்ஙனம்? குருதியின் வழியே சென்ற ஒரு பொருளே தூது என அவர்கள் தெளிந்தனர். இத்தகைய தூதுப் பொருள்களை 1905-இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று அழைத்தார்.

தூது வந்துவிட்டால் மட்டும் போதுமா? சுரப்பதற்கு ஆற்றல் வேண்டுமன்றோ? அவ்வாற்றலைத் தாங்கி நிற்கும் பொருளைக் கண்டவர்களுள் ஒருவர் நம் சென்னையில் பயின்றவர். அவர்தாம் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயில்கையில், காந்தியடிகளின் அறைகூவலை ஏற்றுக் கதர் அணிந்தார். பேராசிரியர் ஒருவரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார். அவர் சோர்ந்துவிடவில்லை. அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிஸ்கே என்பாருடன் உழைத்து, 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதனைத் தனியே கண்டறிந்தார். அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் வந்து தட்டியதும், அதே ஏ.டி.பி.யினின்றே உயிரணுவுக்குள் இரண்டாம் தூது பிறக்கிறது என்பதைப் பின்னர்ச் சதர்லாண்டு காட்டினார். 1971-இல் நோபல் பரிசும் பெற்றார்.

இனிக் குளிருக்கு வருவோம். கண்ணாடிக் கலங்களில் உயிரணுக்களை வளர்த்து ஆராய்ந்தோர் ஒரு புதுமையைக் கண்டனர். 4 டிகிரிக் குளிரிலும் ஹார்மோன் உயிரணுவின் மேற்புறத்தில் சென்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் சுரப்போ வெளிப்படாது. 20 டிகிரியில், உள்ளே உருவான புரதங்கள் கோல்கி என்னும் உறுப்பளவில் வந்து தேங்கி நிற்கும். 37 டிகிரிக்கு உயர்த்தினால் ஓட்டம் மீளும். ஏனெனில் உயிரணுவின் மெல்லுறை கொழுப்பைப் பெருமளவு கொண்டது. நம் வீட்டு எண்ணெயைப் போலவே அதுவும் குளிரில் இறுகுகிறது. ஏ.டி.பி.யைக் கொண்டு நிகழும் வேதி மாற்றங்களும் மந்தமடைகின்றன. உயிரணு இறந்ததில்லை, உறங்குகிறது.

தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுவதைக் கண்டிருப்பீர்கள். நின்ற தேரின் சிற்பங்களை நின்று நோக்கலாம். அவ்வாறே அறிஞர்கள் குளிரை முட்டுக்கட்டையாக்கி, சுரப்பின் ஒவ்வொரு படியையும் நிறுத்தி நிறுத்திக் கண்டனர்.

சுப்பாராவ் 1948-இல் மறைந்தார். என் வகுப்பில் ஏ.டி.பி.யின் பயனை ஒப்பித்த மாணவர் பலர். அதனைக் கண்டவரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலர். பாடத்தில் ஒரு பொருளைப் படிக்கும்போது, அதன் பின்னே நின்ற மனிதரையும் தேடுங்கள். பட்டம் ஒன்று மறுக்கப்பட்டதால் அறிவின் ஓட்டம் நின்றுவிடுவதில்லை என்பதை அங்கே காண்பீர்கள்.