குலுக்கையும் தாது வருடமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் வீடுகளில் குலுக்கை என ஒன்று இருந்ததை இன்றைய இளைஞர் பலர் அறியார். வைக்கோல் கலந்த களிமண்ணால் எழுப்பிய தானியக் கூடு அது. மேல்வாயில் தானியத்தைக் கொட்டி, மண்ணால் மூடி மெழுகிவிடுவர். எடுப்பதோ அடியிலுள்ள துளை வழியே. ஆகவே பழைய தானியம் முன்னே வெளிவரும். புதியது பின்னே காத்திருக்கும். எழுத்தறியாதவர் கண்ட இந்த ஏற்பாட்டை நான் வகுப்பில் வியந்து கூறுவதுண்டு. உமி நீக்காத வரகு பல ஆண்டு கெடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். குண்டாற்றில் மழைக்காலத்தில்தான் நீரோட்டம்; குடிநீருக்கு ஊருணியே துணை. கலங்கிய நீரைப் பானையில் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிவிப்பர்.

1876இல், தாது வருடத்தில், பருவமழைகள் பொய்த்தன. 1878 வரை நீடித்த பஞ்சத்தில், அன்று இப்பகுதியும் அடங்கியிருந்த மதுரை மாவட்டமும் தப்பவில்லை. ஓராண்டு வறட்சிக்கு ஈடுகொடுக்கும் குலுக்கை இதற்கு எம்மட்டு? அதுவும் நிலமுடையோன் வீட்டில்தானே! நிலமற்ற கூலியாள் குலுக்கையில் எதைக் கொட்டுவான்? சந்தையே அவனுக்குக் களஞ்சியம். விலை ஏறியதும் அதுவும் அடைபட்டது. எஞ்சியது அரசின் நிவாரண வேலை. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் அங்கும் கூலியைக் குறைத்தார்: ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், தானியத்தின் விலையும் மேற்செலவுக்குச் சிறு காசும். மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாது வாதாடினார். பின்னரே கூலி உயர்த்தப்பட்டது.