பௌத்தச் சுவடிகள்: காவிரிக் கரையிலிருந்து சிங்கப்பூர் வரை

புத்தரின் போதனை, சங்கத்தின் ஒழுக்க விதிகள், இவற்றுக்கு எழுந்த உரைகள் ஆகியவற்றைத் தாங்கிய பழைய எழுத்துகளைப் பௌத்தச் சுவடிகள் என்கிறோம். பூர்ச்சமரப் பட்டை, பனையோலை, பொன்தகடு, செப்பேடு, கல் என்று எழுதும் பொருள் நாட்டுக்கு நாடு மாறியது. தமிழகம், இலங்கை, சுமத்திரா, மலாய்த் தீபகற்பம், சாவகம் (ஜாவா), சிங்கப்பூர் ஆகியவற்றைக் கோத்த கடல்வழியில் இச்சுவடிகள் எப்படி உருவாயின, எப்படிப் பயணம் செய்தன, எவை எஞ்சின என்பதை இக்கட்டுரை கூறும். தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் பெரிதாக இருந்த பௌத்த ஏட்டுச் செல்வத்தில் பெரும்பகுதி இன்று தமிழ்நாட்டில் இல்லை. அதைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பாலானது சிங்களவரும் பர்மியரும் சீனரும் திபெத்தியரும் சாவகரும் காத்து வைத்தவற்றால்தான்.

வாய்மொழியிலிருந்து ஏட்டுக்கு

புத்தர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் சொன்னவற்றைப் பிக்குகள் ஓதியே காத்தனர். நீண்ட சூத்திரங்களை ஓத ஒரு கூட்டம், நடுத்தரமானவற்றை ஓத இன்னொரு கூட்டம் என்று பாணகர்கள் பிரிந்திருந்தனர். பௌத்த நூல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மிகப் பழைய எழுத்து கல்லில்தான் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் பைராட்டில் வெட்டுவித்த ஆணை, பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டிய ஏழு நூற்பகுதிகளைப் பட்டியலிடுகிறது. சோழரையும் பாண்டியரையும் அவருடைய வேறு கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன.

முழு மறையும் ஏட்டில் ஏறியது இலங்கையில். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில் மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் திரிபிடகம் எழுதப்பட்டதாக இலங்கை வரலாற்று நூல்கள் கூறும். அதற்கு முன் தமிழர் ஐவர் அடுத்தடுத்து அநுராதபுரத்தை ஆண்டிருந்தனர். கடும்பஞ்சமும் சேர்ந்துகொண்டது. பிக்குகள் பலர் மறுகரைக்கு, அதாவது நம் கரைக்கு, வந்து பஞ்சம் தணிந்தபின் திரும்பினார்களாம். தங்கியவரும் திரும்பியவரும் ஓதலை ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறுபாடே இல்லை என்கின்றன உரைநூல்கள். இதில் பக்தி கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் ஓதுபவர் செத்தால் நூலும் சாகும் என்ற அச்சம் அவர்களை எழுத்தாணி எடுக்க வைத்தது என்பதை நம்பத் தடையில்லை.

அலுவிகாரை ஏடுகளில் ஒன்றும் இன்று இல்லை. கிடைத்தவற்றுள் மிகப் பழைய பௌத்தச் சுவடிகள் காந்தாரத்துப் பூர்ச்சப்பட்டைச் சுருள்கள். காந்தாரி மொழியில், வலமிருந்து இடமாக ஓடும் கரோஷ்டி எழுத்தில் எழுதப்பட்டவை. மண்சாடிகளில் இட்டுப் புதைத்திருந்த அத்தகைய சுருள்களின் தொகுதி ஒன்று 1994இல் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்தது. ரிச்சர்ட் சாலமன் 1999இல் அவற்றைப் பற்றி எழுதிய நூல், அவை கி.பி. 1ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என்று காட்டியது. வறண்ட மலைநாடு என்பதால் பட்டை பிழைத்தது. நம் பக்கத்து ஈரத்துக்கும் கரையானுக்கும் ஓலை அப்படித் தாங்காது. பாலி மொழியில் எஞ்சிய மிகப் பழைய ஓலைகள்கூட இலங்கையில் கிடைக்கவில்லை. 8 அல்லது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்கு ஓலைகள் காத்மாண்டுவில் இருக்கின்றன. அவற்றுக்கும் மூத்த பாலி எழுத்து பர்மாவின் ஸ்ரீக்ஷேத்திரத்தில் 1926இல் தோண்டியெடுத்த பொன்னேடுகளில் உள்ளது. பனையோலை வடிவிலேயே வெட்டிய தங்கத் தகடுகள் அவை. எழுத்து, தென்னிந்திய எழுத்துக்கு நெருங்கியது.

சோழநாட்டுப் பாலி நூலாசிரியர்கள்

கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டிக் காவிரிக் கரை பாலி நூல்களின் பட்டறையாக இருந்தது. உறையூர்க்காரரான புத்ததத்தர் பூதமங்கலத்து விகாரையில் அமர்ந்து விநயம் எனப்படும் சங்க ஒழுக்க விதிகளைச் செய்யுளாகத் தொகுத்தார். அப்போது ஆண்டவன் களப்பிரன் அச்சுதவிக்கந்தன் என்று நூலின் இறுதிக் குறிப்பில் சொல்கிறார். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த ஒரு வரி போதும், அந்தப் பேச்சைச் சற்று நிறுத்தி யோசிக்க. காவிரிப்பூம்பட்டினத்து விகாரையிலும் அவர் எழுதினார். அந்நகரின் பல்லவனேச்சரத்தில் நடந்த அகழாய்வில் விகாரை ஒன்றின் அடித்தளமும் புத்தபாதமும் வெளிப்பட்டன.

விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர், காஞ்சியில் ஜோதிபாலர் என்ற தேரருடன் தங்கியிருந்ததாகத் தம் உரையொன்றின் முடிவில் குறிக்கிறார். புத்ததத்தர் இலங்கையிலிருந்து திரும்பும் வழியில், அங்கே போய்க்கொண்டிருந்த புத்தகோசரின் மரக்கலத்தை நடுக்கடலில் சந்தித்தார் என்பது பின்னாளில் எழுந்த கதை. கதையென்றாலும் அந்தக் கடலில் இருந்த போக்குவரத்துக்கு அது சாட்சி. பிறகு தம்மபாலர், அநுருத்தர், சோழநாட்டுக் காசியபர், புத்தப்பியர் என்று இந்த வரிசை 12, 13ஆம் நூற்றாண்டு வரை நீள்கிறது. இவர்களுடைய நூல்களைப் பர்மிய, சிங்கள மடங்கள் இன்றும் பாடமாக வைத்திருக்கின்றன. புத்ததத்தரின் நூல்களை லண்டன் பாலி நூற்கழகம் 1915இலும் 1928இலும் ரோமன் எழுத்தில் அச்சிட்டது.

தமிழில் எழுதியவை இந்த அளவுக்குப் பிழைக்கவில்லை. மணிமேகலை முழுதாகக் கிடைத்தது. வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியமும் கிடைத்தது. தமிழை அகத்தியர் போதிசத்துவரான அவலோகிதரிடம் கேட்டுக் கற்றார் என்று அது சொல்லும். பௌத்தக் காப்பியமான குண்டலகேசியின் பாடல்கள் சிலவற்றை, அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியின் உரையே காப்பாற்றித் தந்தது. வீரசோழியத்தைச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1881இல் அச்சேற்றினார். மணிமேகலையை உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார். கையில் இருக்கும் காப்பியம் எந்தச் சமயத்தது என்பதே முதலில் அவருக்குப் புலப்படவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார்தாம் அது பௌத்தம் என்று கண்டு, பௌத்தக் கருத்துகளை அவருக்கு விளக்கினார். தமிழ் மண்ணில் பௌத்த ஏட்டைப் படித்துச் சொல்ல ஒரு மரபும் மிஞ்சவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சைவர் எரித்தார்கள், வைணவர் அழித்தார்கள் என்று ஒரே வாக்கில் முடித்துவிடுவோர் உண்டு. சமயப் பூசல் இருந்தது, விகாரைகள் கைமாறின, மறுப்பதற்கில்லை. ஆனால் ஓலையைக் கொல்ல நெருப்பு தேவையில்லை. சில நூற்றாண்டுக்கு ஒருமுறை புதிதாகப் படியெடுக்காத ஏடு, பூச்சியும் ஈரமும் தின்று தானே போகும். படியெடுக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறு வேண்டும், சோற்றுக்கு விகாரை நிலம் வேண்டும். நிலம் போனதும் சங்கிலி அறுந்தது. பழுத்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் மிச்சத்தையும் கொண்டுபோயிற்று.

கடல் கடந்த ஏடுகள்

சீனத் துறவி யீஜிங் 671இல் குவாங்சோவிலிருந்து கப்பலேறி சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் படித்தார். அந்நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிக்குகள் இருந்ததாகவும், இந்தியா போக விரும்பும் சீனர் அங்கே ஓரிரண்டு ஆண்டு பயின்று போவது நல்லது என்றும் எழுதியிருக்கிறார். நாளந்தாவில் பல்லாண்டு கற்று, சுமார் 400 நூல்களின் சுவடிகளோடு மீண்டும் ஸ்ரீவிஜயம் வந்து மொழிபெயர்க்க உட்கார்ந்தார். எழுதத் தாளும் மையும் போதவில்லை. 689இல் ஊருக்குக் கடிதம் கொடுத்தனுப்பக் கப்பலில் ஏறியவர், காற்று வாய்த்துப் பாய் விரித்துவிட்டதால் இறங்க முடியாமல் குவாங்சோவுக்கே போய்ச் சேர்ந்தார். சுவடிகளெல்லாம் ஸ்ரீவிஜயத்தில் கிடந்தன. அதே ஆண்டு உதவிக்கு ஆள் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

தென்னாட்டிலிருந்து சென்றவர்களில் பெரியவர் வஜ்ரபோதி. பல்லவன் இராசசிம்மன், சீனப் பேரரசருக்குப் பரிசாக மகா பிரஞ்ஞாபாரமிதைச் சுவடியொன்றைத் தூதன் கையில் கொடுத்து அவரோடு அனுப்பினான் என்று சீன வரலாறு சொல்கிறது. ஸ்ரீவிஜயம் வழியாக அவர் 719இல் குவாங்சோவை அடைந்தார். வழியில் புயல். கட்டில் அளவுக்குப் பருத்த சுவடியொன்றைப் பிற சரக்குகளோடு கடலில் எறிந்துவிட்டார்கள் என்றும், சுருக்கமான பிரதி மட்டும் தப்பியது என்றும் அவருடைய மாணவர் அமோகவஜ்ரர் பெயரில் ஒரு குறிப்பு உண்டு.

11ஆம் நூற்றாண்டில் எதிர்த்திசைப் போக்கும் தெரிகிறது. ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் விகாரை எடுக்கத் தொடங்க, மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்தான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடுத்தான். இச்செய்தியைச் சொல்லும் 21 செப்பேடுகளை டச்சுக்காரர்கள் லைடன் நகருக்குக் கொண்டுபோனதால் அவை லைடன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. தந்தையின் கொடையைச் செம்பில் வெட்டுவித்த இராசேந்திரனே 1025இல் ஸ்ரீவிஜயத்துக்கு உட்பட்ட கடாரத்தின் மீது படையெடுத்தான் என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. இந்தச் சூளாமணிவர்மன் பெயர் இன்னோரிடத்திலும் வருகிறது. வங்கத்துப் பௌத்த ஆசான் அதீசரின் ஆசிரியரான சுவர்ணதீபத்து (சுமத்திரா) தர்மகீர்த்தி தம் நூலொன்றை அவன் ஆட்சியில் எழுதியதாகக் குறிக்கிறார். அந்நூல் திபெத்திய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. நாகையில் செங்கல், திபெத்தில் ஏடு, இரண்டுக்கும் ஒரே புரவலன்.

நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பௌத்தக் கோபுரத்தை ஏசு சபையார் 1867இல் இடித்தனர். மண்ணிலிருந்து 350 அளவில் வெண்கலப் படிமங்கள் கிடைத்தன. ஏடு ஒன்றும் கிடைக்கவில்லை. ரஜூலா கப்பலில் நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் தாத்தாக்கள் இந்த விகாரையின் துறையிலிருந்துதான் புறப்பட்டார்கள். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

டோபி காட்டை ஒட்டிய குன்று

மலாய்க் கரையின் பௌத்த எழுத்துகளை முதலில் தேடிச் சேர்த்தவர் பிரிட்டிஷ் படையதிகாரி ஜேம்ஸ் லோ. 1834இல் பினாங்குக்கு எதிர்க்கரையில் அவர் கண்ட கல்லில் தூபியின் உருவமும், வினையையும் பிறப்பையும் பற்றிய பௌத்தச் செய்யுளும், ரக்தமிருத்திகையைச் சேர்ந்த மாலுமி புத்தகுப்தனின் பெயரும் இருந்தன. 5ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல் கல்கத்தாவுக்குப் போயிற்று.

சிங்கப்பூர் ஆற்று முகத்தில் 1819இல் கண்டுபிடித்த பெரிய மணற்கல்லுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது வரிகள் கொண்ட அதை 1843இல் இடம் விரிவாக்குவதற்காக வெடிவைத்துத் தகர்த்தனர். லோ தடுக்க முயன்றும் முடியாமல், எழுத்துள்ள துண்டுகளைச் செதுக்கி எடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஒன்று மட்டும் 1918இல் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்துக்குத் திரும்பியது. அதை இன்னும் எவரும் முழுதாகப் படிக்கவில்லை. எஞ்சிய எழுத்துகளில் சோழரின் பரகேசரிவர்மன் என்ற பட்டத்தின் துண்டு இருக்கலாம் என்று ஆய்வாளர் இயன் சின்கிளேர் 2019இல் கருத்துரைத்தார். கவர்ச்சியான கருத்து; ஒரு துண்டை வைத்து உறுதி செய்ய இயலாது.

வண்ணார்கள் ஓடையில் துணி வெளுத்த இடமே டோபி காட். அதன் தெற்கே எழும் ஃபோர்ட் கேனிங் குன்றில் 1822இல் ஏறிய ஜான் கிராஃபர்ட், மேற்கு, வடக்குச் சரிவுகளில் செங்கல் அடித்தளங்கள் பரந்து கிடந்ததைக் கண்டார். உச்சிக்கு அருகில் சதுர மேடையொன்றில் மணற்கல் பீடங்கள் இருந்தன. அது புத்தர் கோயிலாக இருக்கக்கூடும் என்று எழுதினார். 1859இல் கோட்டை கட்டத் தொடங்கியபோது உச்சியைச் சமன்செய்துவிட்டார்கள். 1920களில் நீர்த்தேக்கம் வெட்டிய தொழிலாளர் கைக்குச் சாவகப் பாணிப் பொன்னணிகள் கிடைத்தன. 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் நடத்திய அகழாய்வு, அங்கே 14ஆம் நூற்றாண்டில் செழிப்பான குடியிருப்பு இருந்ததை நிறுவியது. கோயிலைப் பற்றிக் கிராஃபர்ட் சொன்னது ஊகமாகவே நிற்கிறது.

அந்த நூற்றாண்டின் சிங்கப்பூரைப் பெயர் சொல்லிக் குறிக்கும் ஏடு ஒன்று உண்டு. சாவகத்து மஜாபாகித் அரசில் பௌத்த அலுவல்களைக் கவனித்த பிரபஞ்சர் 1365இல் இயற்றிய நாகரகிருதாகமம், அதைத் துமாசிக் என்று அழைக்கிறது. 1894இல் லொம்போக் அரண்மனையை டச்சுப் படை கொளுத்தவிருந்தபோது பிராண்டஸ் என்ற அறிஞர் அதன் ஓலைகளை மீட்டார். அதே நூலில், அரசனைப் புகழ்ந்து எண்ணற்ற சுலோகங்கள் பாடிய பிக்கு புத்தாதித்யர் வருகிறார். காஞ்சிபுரி விகாரையைச் சேர்ந்தவர் என்கிறது நூல். அவரோடு முதலி சகிருதயர் என்பவரும் பேசப்படுகிறார். 14ஆம் நூற்றாண்டிலும் காஞ்சியில் நூல் எழுதும் பிக்குகள் இருந்தனர் என்று நமக்குச் சொல்வது சாவகத்து ஓலை. புத்தாதித்யரின் சுலோகங்கள் கிடைக்கவில்லை.

இன்று லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் இருக்கும் சாக்கிய முனி புத்தகயா ஆலயம், தாய்லாந்துத் துறவி வுத்திசாரர் 1927இல் நிறுவியது. பழைய கடல்வழிப் பௌத்தத்தின் நேர்த் தொடர்ச்சி அது அன்று. குடியேறியோர் கொண்டுவந்த புதிய அலை. பழையதன் தடயத்தைத் தேடுவோர் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் உள்ள சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்துக்குப் போக வேண்டும். சிங்கப்பூர்க் கல்லின் துண்டு அதன் சேகரிப்பில் இருக்கிறது. டோபி காட் ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவு நடந்தால் போதும். போகும் நாளில் அதைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.