நெல் தானே தயாரிக்கும் மருந்து: எரிபந்த நோயும் பயிரின் எதிர்ப்பும்

காலபோகத்தில், மார்கழி தை மாதங்களில் வன்னியில் மப்பும் பனியும் தொடர்ந்தால் கமக்காரர்கள் பயப்படுவது எரிபந்த நோய்க்குத்தான். இலையில் கண்ணைப் போல இரு முனையும் கூர்ந்த, நடுவில் சாம்பல் நிறமான புள்ளிகள் விழும். கதிரின் கழுத்தைப் பிடித்தால் நெல் பதராகிவிடும். மீள்குடியேறி, நகையை அடகுவைத்து விதைத்த குடும்பத்துக்கு அது ஒரு போகத்தின் நட்டத்தோடு முடிவதில்லை. அடுத்த போகத்தையும் கடனோடுதான் தொடங்கவேண்டும்.

விவசாயச் செய்திகளுக்காகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போகும்போது எந்த மருந்து அடிக்கலாம் என்ற பேச்சுத்தான் என் காதில் அதிகம் விழும். பயிர் தானாக என்ன செய்கிறது என்பதைப் பற்றி நாங்கள் பேசுவது குறைவு. உண்மையில், நெல் தனக்கான மருந்தைத் தானே தயாரிக்கிறது.

எரிபந்தத்தை உண்டாக்குவது மக்னபோர்தே ஒரைசே என்ற பங்கசு. காற்றில் வரும் அதன் வித்தி ஈரமான இலையில் ஒட்டி முளைத்து, குமிழ் போன்ற ஓர் உறுப்பை உருவாக்கும். மெலனின் என்ற கரிய பொருள் படிந்த அந்தக் குமிழுக்குள் அமுக்கம் 80 வளிமண்டலம் வரை ஏறும். கார் ரயருக்குள் இருப்பதைவிட இது ஏறக்குறைய 40 மடங்கு. அந்த விசையால்தான் அது இலையைத் துளைக்கிறது.

பயிரின் முதல் தடை சிலிக்கா. வேர் உறிஞ்சும் சிலிக்கன் இலையின் மேற்பரப்பில் கடினமான படையாகப் படிகிறது. நெற்பயிரின் உலர் நிறையில் 10 சதவீதம் வரை சிலிக்கா இருக்கலாம்.

அதைத் தாண்டினால் இரசாயனப் பாதுகாப்பு தொடங்கும். பங்கசின் கலச்சுவரில் உள்ள கைற்றின் துண்டுகளை இலைக் கலங்கள் இனங்கண்டு, சில நிமிடங்களிலேயே ஐதரசன் பேரொட்சைட்டை வெளிவிடும். எதிர்ப்புள்ள இனங்களில், தாக்கப்பட்ட கலங்கள் தாமாகவே இறந்து பங்கசு பரவும் வழியை அடைக்கும். கூடவே பைற்றோஅலெக்சின்களும் உருவாகும். தொற்று வந்தபின் பயிர் புதிதாகச் செய்துகொள்ளும் எதிர்ப்புப் பொருட்களுக்கு அந்தப் பெயர். 1940 இல் முல்லர், போர்கர் என்ற ஜேர்மனிய ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கை ஆராய்ந்து முன்வைத்த கருத்து அது. நெல்லில் மொமிலக்டோன்களும் சகுரனெற்றினும் முக்கியமானவை. மொமிலக்டோன்கள் 1973 இல் உமியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டன.

பங்கசும் சும்மா இருப்பதில்லை. சகுரனெற்றினை நஞ்சற்றதாக மாற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. பயிர் இனங்காணும் தன் புரதத்தை அது மாற்றிக்கொண்டால், எதிர்ப்புள்ளது என்று நம்பி விதைத்த இனமே சில வருடங்களில் நோய்ப்படும். ஆகவே பயிரை அதன்பாட்டில் விட்டால் போதும் என்று நான் சொல்லவரவில்லை.

ஆனால், அதன் பலத்தைக் குறைப்பதில் எங்களுக்கும் பங்கிருக்கிறது. யூரியாவை அள்ளிப்போட்டால் பயிர் கரும்பச்சையாகச் செழிக்கும். இலை மென்மையாகி எரிபந்தமும் கூடும். வைக்கோலை ஒவ்வொரு போகமும் முழுதாக ஏற்றிவிட்டால் அதிலுள்ள சிலிக்காவும் வயலைவிட்டுப் போய்விடும்.

மருந்தின் வேலையையும் அறிந்திருப்பது நல்லது. டிரைசைக்கிளசோல் பங்கசு மெலனினை உருவாக்குவதைத் தடுத்து, அது இலையைத் துளைக்க முடியாமற் செய்கிறது. எனவே ஏற்கெனவே விழுந்த புள்ளியை அது ஆற்றாது. யப்பானில் 1970களிலிருந்து பயன்படும் புரோபெனசோல், பங்கசைக் கொல்வதை விடப் பயிரின் சொந்த எதிர்ப்பைத் தூண்டுவதாலேயே பலன் தருகிறது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்து, நவம்பரில் தளர்த்தியது. இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. எதிர்ப்புப் பொருட்களைச் செய்யவும் பயிருக்குப் போசணை வேண்டும். பட்டினி கிடக்கும் பயிரால் அதைச் செய்ய முடியாது. அளவுக்கு மிஞ்சிப் போடுவதைப் போலவே ஒன்றுமே கொடுக்காமல் விடுவதும் கமக்காரரின் தலையில்தான் விடிகிறது.

அடுத்த விதைப்புக்கு முன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இரண்டு விடயங்களைக் கேட்டுவையுங்கள். நான் விதைக்கும் இனம் இப்போதும் எரிபந்தத்தைத் தாங்குகிறதா? என் மண்ணுக்கு எவ்வளவு யூரியா போதும்? இவற்றுக்குச் சரியான பதில் கிடைத்தால் ஒரு தடவை மருந்தடிக்கும் செலவாவது மிஞ்சலாம்.